நடுச்சக்கரம்

ஆர்.டி.ஓ. ஆபீஸ் நோட்டீஸ்.
மூன்று வரி தமிழ். நடுவில்
புகாரில் இருந்தபடியே ஒரு சொல்:
எக்ஸார்பிடன்ட்.
என் வண்டி நம்பருக்குப் பக்கத்தில்,
பட்டப்பெயர் வைத்த மாதிரி.

"ரொம்ப வாங்கிட்டன்னு எழுதியிருக்கான், வேற என்ன"
என்றான் ஜெராக்ஸ் கடை தஸ்தகீர்.
கரண்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை,
சும்மா இருக்க முடியாமல்
செல்போனில் சொல்லைத் தோண்டினான்.

லத்தீனில் ஆர்பிட்டா என்றால் வண்டித்தடமாம்.
சக்கரம் போய்ப் போய் மண்ணில் விழுந்த பள்ளம்.
எக்ஸ் என்றால் வெளியே.
தடத்தை விட்டு இறங்கிய வண்டி,
முதலில் அவ்வளவுதான் அந்தச் சொல்.
பணம் அதில் பிற்பாடு ஏறிய சவாரி.

"நமக்கு வரம்பு. வயல் வரப்பு.
தாண்டிக் கால் வெச்சா மீறல்.
அவனுக்குச் சக்கரம், நமக்குக் கால்.
ரெண்டும் சேத்துலதான் போய் நிக்குது"
என்று சிரித்தான்.
நானும் சிரிக்கப் பார்த்தேன்.

காட்பாடி ஸ்டேஷன், ராத்திரி ரெண்டே கால்.
ரயில் மூணு மணி நேரம் லேட். மழை.
ஒரு அப்பன், ஒரு சின்னப் பெண், ஒரு தகரப்பெட்டி.
வங்காளமோ, அதற்கும் அந்தப் பக்கமோ.
'எவ்வளவு' என்பதை மட்டும்
தமிழில் கற்று வந்திருந்தான்.
எழுநூறு என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.
அவன் தலையாட்டிவிட்டான்.
பேரம் பேசியிருந்தால்
முந்நூறில் நின்றிருப்பேன்.

பாலாற்றுப் பாலம் தாண்டி ஓரம் கட்டி,
முகவரிக்காக அவன் நீட்டிய சீட்டை
செல்போன் வெளிச்சத்தில் பிடித்தேன்.
டும்பா, வயது ஐந்து.
கீழே, லெஃப்ட் ஆர்பிட்.
ஏதோ டெஸ்ட் என்று மடித்துக் கொடுத்தேன்.
கண்ணாடியில்
அவள் இடது கண்
குழியை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்து
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.
அல்லது மழையை.

தஸ்தகீர் விரல் இன்னும் திரையில்.
"டாக்டருங்க கண்குழிக்குச் சொல்றதும் இதாண்டா,
கோள் சுத்துற பாதைக்கும்..."
அணைச்சுடு என்றேன்.

விலை கேட்டால் முழி பிதுங்கும் என்போம்.
அந்த அப்பனுக்குப் பிதுங்கவில்லை.
எண்ணி எண்ணி
நூறுகளாகவும் பத்துகளாகவும் வைத்தான்,
ஈரமாக.

அபராதம் கட்டினேன்.
ரசீதில் அந்தச் சொல் இல்லை.
நானூறு ரூபாயை மேல்பையில் வைத்துக்கொண்டு
காந்தி ரோட்டில் நாலு லாட்ஜ் ஏறினேன்.
"கண்ணு கேஸா? இங்க தினம் பத்து வருது,
ரூம் நம்பர் சொல்லுப்பா."
ஐந்தாவது லாட்ஜ் வாசலில்
சவாரி கூப்பிட்டது. போய்விட்டேன்.

கிரீன் சர்க்கிள் பக்கம்
ஈரத்தார் மேல் முன்னே போன காரின் தடம்
ரெண்டு கோடாக நீண்டிருந்தது.
அதிலேயே ஓட்டிப் பார்த்தேன்.
பின்சக்கரம் ரெண்டும்
எப்படியோ ஒட்டிப் போயின.
முன்னால் ஒற்றைச் சக்கரம்,
ஹேண்டில்பார் என் கையில்தான் இருக்கிறது,
அது மட்டும்
எந்தக் கோட்டிலும் இல்லாமல்.