உள்வாடகை

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
நாற்பத்திரண்டு வேகன் எண்ணிவிட்டேன்,
இன்னும் வருகிறது.
ஸ்கூட்டரை அணைத்துவிட்டு
போனில் லாக் பார்க்கிறேன்.

மணலி சரக்குக் கிடங்கில் ஒரே ஒரு சர்வர்.
அதில் ஒரு கம்பெனியின் ஹைப்பர்வைசர்.
அதற்குள் வேறொரு கம்பெனியின் ஹைப்பர்வைசர்.
அதற்கும் உள்ளே
கேட் பாஸ் அடிக்கிற பழைய விண்டோஸ்,
தான் மட்டுமே இருப்பதாக நினைத்துக்கொண்டு.
ஏன் இப்படி என்று கேட்காதீர்கள்.
விற்றவன் போட்ட நிபந்தனை,
வாங்கியவன் பிடித்த சிக்கனம்.

எனக்கிது புதிதில்லை.
வீட்டுக்காரர் பாஷ்யம் மாடியில்.
கீழ்ப் போர்ஷன் ஸ்டெல்லா அக்காவுக்குப் போக்கியம்.
அக்கா தடுத்துவிட்ட ஓர் அறையில் நான்.
மோட்டார் சுவிட்சு மாடியில்.
குழாய் நின்றால்
வாளியோடு நேரே மாடியில்தான் போய் நிற்பேன்,
படி அங்கேதான் போகிறது.
"நீ ஸ்டெல்லாவோட ஆளு" என்று
பாஷ்யம் இறங்கிவந்து அக்காவை எழுப்புவார்.
அக்கா அரைத்தூக்கத்தில் யோசிப்பார்.
மீட்டர் எவ்வளவு ஓடியது? பார்க்க, மாடி.
தொட்டியில் எவ்வளவு? மாடி.
போடலாம் என்று சொல்லவும்
மாடி.
ஒரு வாளித் தண்ணீருக்கு அறுபது நடை.

விண்டோஸ் ஒரு தும்மல் தும்மினால்
அங்கே நடப்பதும் இதுவே.

போன வியாழன்
டிரைவர் முனிரத்தினம் பாஸை ஜன்னலில் வீசினார்.
"இந்த டயத்துல மாதவரத்துல
டீ குட்ச்சிக்கினு இருந்தேம்மா.
இங்க எப்டி வந்தேன்?"
சரிதான்.
உள்ளே இருந்த கடிகாரம் பதினொரு நிமிடம் பின்னால்.
காத்திருந்த நேரமும் நேரம்தான் என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

நேற்று ராத்திரி உட்கார்ந்தேன்.

முதலில் விலாசம்.
எங்கள் தெருவில் பழைய எண் பதினான்கு,
புது எண் முப்பத்தொன்று,
என் கதவில் அக்கா சாக்பீஸால் போட்டது மூன்று.
தபால்காரர் தயாளன் மூன்றையும் தேடுவதில்லை.
அவர் மனதில் அது ஒரே கதவு.
அப்படியே இரண்டு பட்டியலை ஒன்றாக மடித்தேன்.
கொஞ்சம் ஓடியது.
போதவில்லை.

பிறகு பாஷை.
நடுவில் இருப்பது
தன் ஊர்க்காரன் எதிரே நின்றால்தான்
தாளில் எழுதி நீட்டும்,
இல்லையென்றால் வரிக்கு வரி கதவைத் தட்டும்.
வெளியே இருப்பதை
"நானும் உங்க ஊருதான்" என்று சொல்லவைத்தேன்.
பொய்தான்,
உச்சரிப்பில் பிசகாத பொய்.

அப்புறம் ஒரு பக்கம்.
இரண்டு பேரும் பார்க்கும்படி
நடுவில் திறந்துவைத்த ஒரே ஒரு பக்கம்.
நடு ஆள் அதில் எழுதிக்கொண்டே போகலாம்,
யாரையும் எழுப்பாமல்.
மாறிய இடத்தில் மட்டும் ஓரத்தில் ஒரு டிக்.
வேலை முடிந்ததும் ஒருமுறை தட்டு, போதும்.
மற்றவன் டிக்கை மட்டும் படித்துக்கொள்வான்.

மூன்று பத்துக்கு
அறுபது நடை இரண்டானது.
நாற்பது நிமிட ரிப்போர்ட்
ஆறில் வந்து விழுந்தது.
ஏசி சத்தத்தைத் தவிர
யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

விடியலில் முனிரத்தினம்:
"இன்னாமே, மிஷினை மாத்திட்டியா?"
மாத்தலை என்றேன்.
நம்பவில்லை.
பாஸில் இருந்த நேரத்தைத் தன் வாட்ச்சோடு
இரண்டு தடவை ஒத்துப்பார்த்தார்.

படிக்கட்டு ஆணியில்
நம் வீட்டிலும் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடலாமே என்று
பாஷ்யத்திடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.
எழுதிவைத்தால்
உள்வாடகை இருப்பது தெருவுக்கே தெரிந்துவிடுமாம்.
அக்காவும் தலையாட்டினார்.

கார்டு வேன் கடந்து போகிறது.
லாக்கில் அந்தக் கடிகாரம்
இன்னும் நாலு நொடி பின்னால்.
அது எங்கே போகிறதென்று கண்டுபிடிக்கவில்லை.
கேட் எழும்புகிறது.
இந்தப் பக்கம் எல்லோரும்
ஒரே சமயத்தில் ஸ்டார்ட் செய்கிறோம்,
அந்தப் பக்கமும் அப்படியே.
தண்டவாளத்தின் மேல்
முகத்துக்கு முகம் நிற்கிறோம்.