முந்நூறு கிராம்

க்டான்ஸ்க் நகரில், டிராம் திரும்பும் முனைக் கடையில்
தராசுக்கு நா இல்லை.
ஒரு கண்ணாடித் திரை, அதில் படங்கள்:
தக்காளி, பீட்ரூட், வெங்காயம், பிஸ்தா.
எதைத் தொடுகிறோமோ அதுதான் பையில் இருக்கிறது
என்று நம்பிவிடும் அப்பிராணி.

யாத்விகா பிஸ்தாவை வைத்தாள்.
முந்நூறு கிராம்.
விரல் வெங்காயத்தைத் தொட்டது.
விரல்தான், என்று பிறகு சொல்லிக்கொண்டாள்.
ஒரு ஸ்வாட்டி இருபது.
நன்றி, மீண்டும் வருக, என்றது இயந்திரம்,
பல் மருத்துவமனை வரவேற்பில்
அவள் நாள் முழுக்கப் பேசும் அதே குரலில்.

வெளியே பனியும் மழையும் கலந்து கொட்டின.
வீட்டைச் சூடாக்கும் கட்டணம் ஏறிவிட்டது,
அந்த முதலாளிக்கு நாடெங்கும் நானூறு கடை,
எடுத்தது இருபத்து மூன்று ஸ்வாட்டிகூட இல்லை;
யாரும் கேட்காத கேள்விக்கு
ஆறு நிறுத்தம் வரை பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இரவு தொலைக்காட்சி பார்த்தபடி கொறித்தாள்.
நன்றாகத்தான் இருந்தது. உப்பு அளவாக.
கடைவாய்ப் பல்லிடுக்கில் ஒரு துணுக்கு தங்கிவிட்டது.
துலக்கினாள். நூல் விட்டு இழுத்தாள்.
எடுக்க எடுக்க உள்ளே போனது.
விடியும் வரை நாக்கு
அங்கேயே போய்ப் போய் நின்றது.

மறுநாள் வெங்காயம் பொறுக்கினாள்.
ஒன்றை வைத்து, எடுத்து, சிறியதாக வேறொன்று வைத்து
முந்நூறு கிராம் வரவழைத்தாள்.
பிஸ்தா படத்தைத் தொட்டாள்.
இருபத்து நான்கு ஸ்வாட்டி.
சிவப்பு விளக்கு எரிந்தது.

நேற்று எரியாத விளக்கு.

தாராஸ் ஓடி வந்தான். கார்கிவிலிருந்து வந்து
எட்டு மாதம்; போலிஷ் இலக்கணம் இன்னும் இடறும்.
"அம்மணி, இது வெங்காயம். உங்களுக்கு நஷ்டம்."
"தெரியும். இருக்கட்டும்."
"இருக்கக் கூடாது. என்னைத்தான் கேட்பார்கள்."
கழுத்தில் தொங்கிய அட்டையைத் திரையில் காட்டி
கணக்கை நேராக்கினான்.
ஒரு ஸ்வாட்டி இருபது.
சிரித்தான் வேறு.

பின்னால் வரிசை. ஒருவர் இருமினார்.
இரண்டு வெங்காயத்தையும் கையில் வைத்துக்கொண்டு
நா இல்லாத தராசின் முன் நின்றாள் யாத்விகா.
பல்லிடுக்கை விட்டு
நாக்கு மெல்ல நகர்ந்தது.
"நேற்று..." என்று தொடங்கினாள்,
வேண்டியதைவிடச் சற்று உரக்க.