வீரசேகறன் பைனல்

கரண்ட் போய், வந்து, மறுபடி போய்,
ஒரு மூச்சுக்குள் மூன்று தடவை.
வயலில் எல்லாரும் மோட்டார் போட்டிருந்த நேரம்.
அதற்குப் பிறகு ஹார்ட் டிஸ்க்
பல்லி மாதிரி டக் டக்கென்றது.
காதை வைத்துக் கேட்டேன்.
எந்தத் திசைப் பல்லிக்கு என்ன பலன் என்று
யாரிடம் கேட்க?

அரிசியில் புதைத்து வை என்றார் டீக்கடைக்காரர்.
நெல் விளையும் ஊரில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து.
இரண்டு நாள் இட்லி அரிசிக்குள் கிடந்தது.
எடுத்து ஊதினேன்,
வண்டு ஒன்று நடந்து வெளியே போனது.

தலைஞாயிற்றில் செத்துப்போனவர்கள்
முக்கால்வாசி என் மேசை வழியாகத்தான் போனார்கள்.
ரேஷன் கார்டுப் படத்தில் வேர்வையைத் துடைத்து,
சுவரை எடுத்துவிட்டு
பின்னால் வானநீலம் போடுவேன்.
கண்ணீர் அஞ்சலி.
பல வீட்டில் வேறு படம் கிடையாது.

கும்பகோணத்தில், மாடிப்படி ஏறி, டேட்டா ரிகவரி.
செருப்பைக் கழற்றச் சொன்னான், கோயில் மாதிரி.
பார்ப்பதற்கு ஐந்நூறு.
"முக்கியமான ஃபைல் பேரெல்லாம் எழுதித் தாங்க மேடம்,
அத மொதல்ல எடுத்துடலாம்."
பழைய பில் ஒன்றின் முதுகில் எழுதினேன்.
பிறகு தூசியில்லாத அறைக்கு நாலாயிரம்.
சென்னையிலிருந்து வரவேண்டிய ஏதோ ஊசிக்கு
ஆறாயிரத்து ஐந்நூறு.

மேட்டூரில் பூத்தூவித் திறப்பதை டிவியில் பார்ப்போம்.
கல்லணை தாண்டிவிட்டது என்பார்கள்.
அரிச்சந்திரா நதி மணலில் மாடு படுத்திருக்கும்.
அறுபது பர்சன்ட் மேடம், எண்பது பர்சன்ட் மேடம்.
நான் கடைமடைக்காரி,
வந்துகொண்டிருக்கிறது என்றால்
வாய்க்கால் வெட்டிவைத்துக் காத்திருப்பேன்.

ஒரு ராத்திரி வாட்ஸப்பில் பட்டியல் வந்தது.
ஐந்தாவது வரி: வீரசேகறன் பைனல்.
அந்த றகரம் என் தப்பு,
வேறு யாருக்கும் வராது.
அழுகை வந்துவிட்டது. மீதிப் பணத்தை
அப்போதே ஜிபே பண்ணினேன்.

பில்லின் முதுகில் நானே எழுதிக்கொடுத்த றகரம் அது என்று
நாலு நாள் கழித்து, கெண்டை அலசும்போது,
கையெல்லாம் செதிலோடு நிற்கையில்தான் உறைத்தது.

கொரியரில் டிஸ்க் வந்தது.
திருகின் மேல் வாரண்டி ஸ்டிக்கர் கிழியவே இல்லை.
கூட வந்த பென் டிரைவில்
யாரோ ஒரு குழந்தைக்குக் காதுகுத்து.
நானூற்றுப் பன்னிரண்டு படம்.
மாமன் மடியில் வாயைப் பிளந்து அழுகிறது.
பின்னால் பிளெக்ஸ், வருக வருக,
கூலிங் கிளாசில் ஒன்பது மாமன்கள்,
ஓரத்தில் செல் நம்பர்.

நன்னிலம் பக்கமாம். பெயர் அமிர்தகடேசன்.
"ஒண்ணுமே வராதுன்னு சொல்லித்தானே
ஒம்பதாயிரம் வாங்குனானுங்க."
பிறகு அவர் பேசவில்லை.
பின்னால் கார்ட்டூன் சத்தம், அந்தப் பிள்ளைதான் போல.
"ஒங்க படம் எங்கிட்ட வரலீங்களே" என்றார்,
கடன்பட்டவர் மாதிரி.

தவமணி வந்துவிட்டாள். முதலாமாண்டு நினைவஞ்சலி.
"அதே படம் போதும்க்கா."

பஸ் ஸ்டாண்டுப் பின்சுவரில்
டியூஷன் விளம்பரத்துக்கு அடியில்
பாதி வீரசேகரன் இருந்தார், வெயிலில் வெளுத்து.
தண்ணீர் தெளித்து, தோசைத் திருப்பியால் சுரண்டி,
செல்லில் எடுத்துவந்தேன்.
மூக்குக்குக் குறுக்கே பசை மடிப்பு.
கழுத்துக்குக் கீழே இல்லவே இல்லை,
வேறு யாருடைய சட்டையையோ மாட்டினேன்.
இரண்டு ராத்திரி. வானநீலம்.

தவமணி குனிந்து பார்த்தாள்.
"மேல் பொத்தான் போட்டிருப்பாரே, எப்பவும்."

அவர் போட்டதே இல்லை.
போன வருஷம் அதை வரைந்தது நான்.
"ஆமா தவமணி, மறந்துட்டேன்."
வரைகிறேன்.

என்ன பெயரில் சேமிக்க என்று கேட்கிறது.
பழைய தப்போடேயே அடிக்கிறேன்.
ஒன்று தவமணி செல்லுக்கு.
ஒன்று, கேட்காமலே, அமிர்தகடேசனுக்கு:
நன்னிலத்திலும் இருக்கட்டும்
ஒரு வீரசேகறன்.