ஏழு நாற்பது பஸ்

நர்ஸ் தேவை என்று மூன்றாம் முறையாக
புதுவயல் பஸ் நிறுத்தச் சுவரில் ஒட்டினோம்.
'சேவை மனப்பான்மை' என்று சேர்க்கச் சொன்னார்
கோலாலம்பூரிலிருந்து அறங்காவலர்.
சம்பளத்தை எடுத்துவிடச் சொன்னவரும் அவரே.

வந்தவள் ஒருத்திதான். ஜெசிந்தா, செக்காலைக்காரி.
நான் கேள்வி எழுதிய தாள் மடியிலேயே கிடந்தது.
கேட்டதெல்லாம் அவள்.
ராத்திரியில் எத்தனை பேருக்கு ஓர் ஆள்?
இருபத்தாறு.
தூக்கிப் புரட்ட இன்னொரு கை?
வாட்ச்மேன் சாத்தையாவைக் கூப்பிடலாம் என்றேன்.
டூட்டி ரூமுக்குத் தாழ்ப்பாள் உண்டா?
எழுந்து போய்ப் பார்த்தேன்.
இல்லை.

முன்னால் இருந்த ஐந்து பேர் ஏன் போனார்கள் என்று
முறுக்கும் காபியும் வைத்துக் கூட்டம் போட்டிருக்கிறோம்.
துபாய் என்றோம், கல்யாணம் என்றோம்.
தாழ்ப்பாள் என்று யாரும் சொல்லவில்லை.

நாலாம் கட்டில் உமையாள் ஆச்சிக்கு
முதுகுப் புண் இப்போது மூடிக்கொண்டு வருகிறது.
ரெண்டு மணிக்கொரு தரம்
ஒருக்களித்துப் படுக்க வைக்கிறாள்,
கடிகாரத்தைத் திட்டிக்கொண்டே.
பாசம் என்று எழுத எனக்கும் ஆசைதான்.
அவள் தங்கியது
எண்பது ரூபாய்த் தாழ்ப்பாளுக்காக.
எட்டு மணி டூட்டியை ஏழரைக்கே முடித்ததற்காக.
ஏழு நாற்பது பஸ்ஸைப் பிடித்தால்
பையன் பள்ளிக்குக் கிளம்புமுன்
தலை வாரிவிடலாம்.

அந்த அரைமணி யார் பார்ப்பது என்று
அறங்காவலர் மெயில் போட்டார்.
நான்தான் பார்க்கிறேன்.
அரைமணியில் தெரிந்துவிடுகிறது
இருபத்தாறு எவ்வளவு பெரிய எண் என்று.

இன்னொரு ஆள் வேண்டும்.
பசை காய்ச்சிக்கொண்டே சாத்தையா சொல்கிறார்:
"இந்தத் தடவை சம்பளத்தைப் போடுங்க சார்,
பெருசா."