ஓரளவு ஆம்

பொன்னேரி ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள்கள்
எடைமேடை கேபினில் இரண்டு நாளாகக் கிடக்கின்றன,
பறக்காமலிருக்க மேலே ஸ்டேப்ளர்.
நாற்பத்தெட்டு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்:
முற்றிலும் ஆம், ஓரளவு ஆம்,
ஓரளவு இல்லை, முற்றிலும் இல்லை.
ஆரம்பாக்கத்தில் பதினோரு வருடமாக லாரி நிறுக்கிறேன்.
'ஓரளவு' என்று யாருக்கும் சீட்டு கிழித்ததில்லை.

ஆறாவது:
உங்கள் பிள்ளை புதியவர்களிடம் எளிதில் பேசுவாரா?
லிகிதாவையே கேட்டேன்.
"எந்த மொழியில்?" என்றாள்.
தமிழில் அவள் வாய்க்குப் பூட்டு.
தடாவில் என் தம்பி வீட்டுக்குப் போனால்
தெலுங்கில் கறிக்கடைக்காரரோடு சண்டையே போடுவாள்.
நடுவில் ஒரு ஷேர் ஆட்டோ தூரம், ஒரு சோதனைச்சாவடி.
எந்தப் பக்கம் நின்று இந்தக் கட்டத்தை நிரப்புவது?

பத்தொன்பது:
விருந்து, விழாக்களுக்குப் போக விரும்புவாரா?
கடைசியாக எங்களை யார் கூப்பிட்டார்கள் என்று
அதில் கேட்கவில்லை.

இருபத்தேழு, சின்னச் சின்ன ஓசைகள்.
ஏர்ஹாரன் அடித்தால் மேசைக்கடியில் இருப்பாள்.
போன மழைக்குக் குழியில் தண்ணீர் தேங்கியபோது
மேடையின் சத்தம் மாறிவிட்டதென்று அவள்தான் சொன்னாள்.
ஆய்வாளர் வந்து பார்த்தார், முப்பது கிலோ பிசகு.
ஓரத்தில் இதை எழுத ஆரம்பித்தேன்.
'கட்டத்துக்குள் மட்டும் குறிக்கவும்' என்று
அடியில் அச்சிட்டிருக்கிறது.

பதினைந்து வயது என்பதால் அவளுக்கும் தனித் தாள்.
பேனாவில், ஓர் அடித்தல் இல்லாமல், இருபதே நிமிடம்.
என்னுடையது பென்சில்;
அழித்து அழித்து முப்பத்துமூன்றில் ஓட்டை.

மதிப்பெண் எல்லையைத் தாண்டினால்
அடுத்த பரிசோதனை, அவ்வளவுதான், தீர்ப்பில்லை,
என்று ரெபேக்கா மேடம் சொல்லியிருந்தார்.
நல்ல மாதிரி.
ஒருவர் தாளை ஒருவர் பார்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.
பார்த்தேன்.

நாற்பத்தொன்று:
மற்றவர் கோபமாக இருந்தால் தெரிந்துவிடும்.
நான் போட்டது, முற்றிலும் இல்லை.
எத்தனை ராத்திரி கதவை அறைந்திருக்கிறேன்,
குக்கரைத் தொம்மென்று வைத்திருக்கிறேன்,
தலை நிமிராமல் தட்டின் விளிம்பில்
கறிவேப்பிலையை அடுக்கிக்கொண்டிருப்பாள்.
அவள் போட்டது, முற்றிலும் ஆம்.
கட்டத்துக்கு வெளியே, பொடி எழுத்தில்:
'தெரிந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாது.'

அன்றைக்கு இரவு வண்டி குறைவு.
மேடையில் தனியாகப் போய் நின்றாள்.
திரையில் நாற்பது.
"ஆஸ்பத்திரியில் நாற்பத்துமூணு. மீதி மூணு கிலோ?"
"இது பத்துப் பத்தாகத்தான் காட்டும்டி."
"நீ நில்லு."
நின்றேன். என் அறுபத்துநாலு, அறுபதாயிற்று.
"இப்ப ரெண்டு பேரும்."
கை படாமல், ஓரடி தள்ளி நின்றாள்.
கண்ணாடிக்குள் சிவப்பு எண்கள் ஆடி அடங்கின:
நூற்றுப்பத்து.

"நாற்பதும் அறுபதும் நூறுதானே?
இந்தப் பத்துக் கிலோ யாரோடது?"
சிரித்தாள். தமிழில்தான் கேட்டாள், தமிழில்தான் சிரித்தாள்.

நெல்லூர் அரிசி லாரி ஒன்று
விளக்கைப் போட்டபடி வந்து நின்றது.
ஹாரனில் கை வைக்கப் போனவரிடம்
வேண்டாம் என்று சைகை காட்டினேன்.
காத்திருந்தார்.