ஐம்பது சதம்

முதலில் வந்தது குப்பை லொறிப் புத்தகம்.
பன்னிரண்டு பக்கம், தடித்த அட்டை,
ஓரமெல்லாம் ஆதிரையின் பல்.
பச்சை லொறி வந்தது, பச்சை லொறி போனது.
நாற்பத்தோராவது தடவை வாசிக்கையில்
சலிப்புத் தாங்காமல் சேந்தன்
லொறியைப் பஞ்சராக்கிப் பார்த்தான்.
"இல்லை" என்றாள்.
இரண்டு வயதுக்கு எழுத்துத் தெரியாது.
எந்த இடத்தில் ஏமாற்றுகிறோம் என்று தெரியும்.

அதன் பிறகு தாரா.
நான் தாரா என்பேன், அவன் வாத்து என்பான்.
வவுனியாவும் நாகர்கோவிலும்
ஒரே மெத்தையில் படுத்துக்கொண்டு
ஒரு மஞ்சள் பறவைக்காக வழக்காடின.
அடுத்த பக்கத்தில் எனக்குப் பப்பாசி, அவனுக்குப் பப்பாளி.
இருதரப்பு வாதத்தையும் கேட்ட பிள்ளை
"டக்" என்று தீர்ப்புச் சொல்லிப்
புத்தகத்தை மூடினாள்.

நல்ல பழக்கம் சொல்லித்தரும் புத்தகம் ஒன்றை
வேலையிடத்துத் தோழி தந்தாள்.
கரடிக்குட்டி பல் துலக்கும், மன்னிப்புக் கேட்கும்,
பொம்மையைக் கேட்காமலே பகிர்ந்து கொடுக்கும்.
பாதியில் நான் நித்திரையாகிப்போனேன்.
அவளுக்கும் கரடியில் நம்பிக்கை இல்லை.
தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்,
பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று.

நானே ஆசைப்பட்டு வாங்கியதும் உண்டு:
நீர்வண்ணத்தில் நிலவு, ஒரு பக்கத்துக்கு ஒரு வரி.
வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.
அவள் அதன்மேல் ஏறி நின்று
விளக்குச் சுவிட்சை எட்டினாள்.

வென்ட்வொர்த்வில் நூலகத்தில் ஒரு சனிக்கிழமை
கழித்த நூல்களை மேசையில் கொட்டியிருந்தார்கள்.
பழைய வரிச்சட்டம், நுண்ணலை அடுப்புச் சமையல்,
கிரிக்கெட் வீரரின் முழங்கால் பற்றி ஏதோ.
ஆதிரை மேசைக்குக் கீழே இருந்த பெட்டிக்குள்
தோள்வரை கைவிட்டு ஒன்றை இழுத்தாள்.
சிட்னியைச் சுற்றியுள்ள தவளைகளுக்கு
ஒரு கையேடு.
யாரோ கோப்பி சிந்திய அட்டை.
'நீக்கப்பட்டது' என்று சிவப்பு முத்திரை.
ஐம்பது சதம்.
வேண்டாம் என்று வாங்கி வைத்தால் அழுவாள்,
அதனால்தான் வாங்கினோம்.

அன்றிரவு பார்த்தால், ஒவ்வொரு படத்துக்கும் கீழே
அது எப்படிக் கத்தும் என்று எழுதியிருக்கிறது.
இது தளர்ந்த தந்தியைச் சுண்டியதுபோல்.
இது மட்டையில் படும் டென்னிஸ் பந்து.
இது தூரத்தில் யாரோ சுவரைத் துளைப்பது.
ஒஃபீஸில் உரக்கத் தும்மக்கூட மாட்டாத சேந்தன்
தலையணையைக் கட்டிக்கொண்டு
"போங்க்" என்றான்.
நான் "டொக்" என்றேன்.
அவன் இன்னும் ஆழத்திலிருந்து "போங்க்".
பிள்ளை எங்கள் வாய்களை மாறிமாறிப் பார்த்தாள்.
சிரிக்கவில்லை.
மேற்பார்வையாளர் மாதிரி
"இன்னொருக்கா" என்றாள்.

பிறகுதான் உறைத்தது:
தவளைக்கு எங்கள் இருவரிடமும் ஒரே சொல்.

அவள் உறங்கியும் நாங்கள் மூடவில்லை.
எது மழைக்கு முன் கத்தும்,
எதன் தொடையில் மட்டும் மஞ்சளும் கறுப்பும்,
எது நுரைக்குள் முட்டையிடும்.
மின்கட்டணம், திங்கட்கிழமை,
அவன் அக்காவின் தொலைபேசி அழைப்பு
எதையும் பேசாமல்
நாற்பத்தேழாம் பக்கம் வரை போனோம்.

குப்பை லொறியும் இன்னும் வருகிறது,
செவ்வாய்க்கிழமை தெருவில், மற்ற நாட்களில் மடியில்.
அதை விட முடியாது.
ஆனால் கடைசிப் புத்தகம் எப்போதும் தவளை,
அதை யார் வாசிப்பது என்றுதான் இப்போது சண்டை.

நவம்பரில் ஒரு மழை ஓய்ந்த இரவு.
பக்கத்து வீட்டில் யாரும் குளிக்காத நீச்சல் தடாகத்தில்
டொக்.
சற்றுப் பொறுத்து
டொக்.
ஆதிரை எழுந்து உட்கார்ந்தாள்.
இருட்டில் விரலை யன்னலுக்கு நீட்டி,
சந்தேகமே இல்லாமல்,
"அம்மா" என்றாள்.

நான் அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.
சேந்தன் எழுந்துபோய்
யன்னலைத் திறந்தான்.