மீட்டரில் ஏறாத அரைமணி

நீடாமங்கலத்துக்குத் தெற்கே
வெண்ணாற்றங்கரையில் இது பத்தொன்பதாம் நாள்.
ஆத்தூரிலிருந்து லாரியேறி வந்த
அறுப்பு வண்டிக்கு மணிக்கணக்கில் கூலி.
எனக்கு நாள் கணக்கு.
நாள் எப்போது முடிகிறதென்று
யாரும் சொன்னதில்லை.

இரவு பனி இறங்கும்வரை அறுப்பு.
இறங்கிய பிறகு கிரீஸ், பிளேடு,
அடுத்த வயலுக்கு வண்டி நகர்த்தல்.
இன்ஜினை அணைத்த பின்னும்
காதுக்குள் அது ஓடுகிறது.
கழுத்தெல்லாம் நெல் சுனை.
கண்ணை மூடினால் இமைக்குள்ளும்
கதிர் சாய்ந்து சாய்ந்து வருகிறது.

வண்டி நிற்பது
ஆத்தூரில் ஓனரின் செல்போனில் தெரியும்.
"என்ன பூவரசா, நிக்குது?"
பசி என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
காய்ச்சல் என்று ஒருமுறை.
மகளுக்குக் காதுகுத்து என்றுகூட.
எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார்.
"பனிங்க" என்றால் மட்டும் பேச்சில்லை.
ஈரத் தாள் டிரம்மில் சுற்றினால்
நட்டம் வண்டிக்கு.

இன்று கீழ்க்காற்று.
எட்டரைக்கே தாள் மொரமொரத்தது.
படுதாவை விட்டு உடம்பு எழவில்லை.
"இன்னும் ஈரங்க" என்றேன்.
குரலில் என்ன இருந்ததோ,
"வயக்காரம்மாகிட்ட குடு" என்றார்.

வரப்பில் ஜெபமாலை.
ஒன்பது மா குத்தகை.
முன்னறுத்த நெல்லுக்குக்
கொள்முதல் நிலையத்தில் இரண்டு ராத்திரி
காவல் கிடந்துவிட்டு வந்திருந்தாள்.
தெற்கே கொஞ்சம் மேகமும் இருந்தது.
அவசரம் அவளுக்குத்தான்.

போனைத் தோளில் இடுக்கியபடி
ஒரு கதிரை உருவிக் கசக்கினாள்.
உலர்ந்த சத்தம் எனக்கே கேட்டது.
என்னைப் பார்த்தாள்,
படுதாவைப் பார்த்தாள்.

"ஈரந்தான் சார். சொட்டுது."

போனைத் தந்துவிட்டு
வண்டிக்கு அந்தப் பக்கம் போய்
நிழலில் பெல்ட்டில் சாய்ந்து
முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள்.
கொஞ்ச நேரத்தில் குறட்டை,
என்னுடையதா அவளுடையதா தெரியாது.

ஒன்பது மணி.
ஹவர் மீட்டரில் நேற்றிரவு நின்ற எண்
அப்படியே நின்றது.
சாவியைத் திருகும்போது
வரப்பிலிருந்து கத்தினாள்:
"மேக்கால மூலையில கரண்டுக் கம்பி தாழ்வா தொங்குது,
பாத்து!"

பார்த்தேன்.
இங்கிருந்தே தெரிந்தது கம்பி,
கம்பியில் ஒரு கரிச்சான்,
அதன் பிளந்த வால்.